கடலோரமா தனியா நீண்ட சைக்கிள் பயணம்: தூரத்தை வெச்சு பிளான் பண்றதா, காத்தை வெச்சா?

நெடுவழி:
எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாளா இங்க படிச்சுட்டு மட்டும்தான் இருந்தேன், இப்ப கேக்க வேண்டிய நேரம் வந்துடுச்சு. கடலோரமாவே கிராமத்து ரோடுகள்ல டென்ட், அடுப்பு எல்லாம் கட்டிக்கிட்டு தனியா ஒரு நீண்ட பயணம் போறதா முடிவு பண்ணிட்டேன். எந்த நாடுன்னு இன்னும் முடிவாகல, ரெண்டு மூணு கடற்கரை மனசுல ஓடுது, எல்லாமே பூமத்திய ரேகைக்கு வடக்க இருக்கிறதுதான். மொத்தம் 1000 கிலோமீட்டருக்கு மேல வரும். என் கணக்கு ரொம்ப சிம்பிள், ஒரு நாளைக்கு 100 கிலோமீட்டர், வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு, அவ்வளவுதான். மலை ஏத்தம் எதுவும் இல்ல, கடலோரம்னா சமதளம்தானே, 100 எல்லாம் அசால்ட்டா வரும்னு கூட ஓட்டுற நண்பர்கள் சொல்றாங்க. ஆனா அவங்க எல்லாரும் கூட்டமா, பை எதுவும் இல்லாம ஓட்டுறவங்க. அதனால மூட்டை முடிச்சோட தனியா கடலோரம் ஓட்டினவங்ககிட்ட கேக்குறேன், இந்தக் கணக்கு தேறுமா? எந்தத் திசையில ஆரம்பிக்கணும்? சைக்கிள் துருப்பிடிக்கும்னு பயமுறுத்துறாங்களே அது எவ்வளவு உண்மை?

உப்புக்காத்து:
வாங்க நெடுவழி. முதல்ல அந்த 100ங்கிற நம்பரை அழிச்சுடுங்க. கடலோரத்துல தூரம் ஒரு அளவே இல்ல, எத்தனை மணி நேரம் காத்தோட ஓட்டுறீங்க, எத்தனை மணி நேரம் காத்துக்கு எதிரா ஓட்டுறீங்கங்கிறதுதான் அளவு. மலையில ஏத்தம் கண்ணுக்குத் தெரியும், உச்சி வந்துடும்னு ஒரு நம்பிக்கை இருக்கும், ஏறினதுக்கு இறக்கமும் கிடைக்கும். எதிர்க்காத்துக்கு உச்சியும் கிடையாது இறக்கமும் கிடையாது, காலையில பிடிச்சா சாயங்காலம் வரைக்கும் நெஞ்சுல கை வெச்சுத் தள்ளிக்கிட்டே இருக்கும்.

ஒரு கணக்கு சொல்றேன். காத்தோட தடை வேகத்தோட இருமடிக்கு ஏறும். அசையாத காத்துல 20 கிலோமீட்டர் வேகத்துல போறீங்கன்னு வைங்க, எதிர்ல 15 வேகத்துல காத்து வந்தா உங்க உடம்பு 35ல வர்ற காத்தை வாங்குது. அதே 20ஐ பிடிச்சு வெச்சுக்கணும்னா காத்துக்காக மட்டும் மூணு மடங்கு உழைப்பு போடணும். அதே உழைப்பு போதும்னு மிதிச்சா 12, 13 கிலோமீட்டர் வேகம்தான் வரும். இதுக்கும் 15ங்கிறது புயல் ஒண்ணும் இல்ல, கடலோரத்துல அது சாதாரண மத்தியானம். கூட்டமா போறவங்க முன்னாடி போறவர் முதுகுல ஒளிஞ்சுக்குவாங்க, ஆள் மாத்தி மாத்தி முன்னாடி வருவாங்க. தனியா போறவனுக்கு அந்த முதுகு கிடையாது, உங்க நண்பர்கள் கணக்கும் உங்க கணக்கும் ஒத்துப் போகாததுக்கு பாதிக் காரணம் இதுதான்.

அடுத்தது நேரம். வெயில் ஏறினா நிலம் சீக்கிரம் சூடாகும், கடல் அப்படியே இருக்கும், நிலத்து மேல இருக்கிற காத்து சூடாகி மேல போக, அந்த இடத்துக்கு கடல்லேர்ந்து காத்து உள்ள வரும். பெரும்பாலும் முற்பகல்ல ஆரம்பிச்சு மத்தியானம் ரெண்டு மூணு மணிக்கு உச்சத்துக்குப் போய், பொழுது சாயும்போது அடங்கும். ராத்திரி நிலம் சீக்கிரம் ஆறிடுறதால காத்து திரும்பி நிலத்துலேர்ந்து கடலுக்குப் போகும், ஆனா அது மெல்லிசு. அதனால விடியறதுக்கு முன்னாடியே டென்ட்டை மடிச்சுட்டு முதல் வெளிச்சத்துல கிளம்பிடுங்க. பத்து பத்தரைக்குள்ள அன்னைக்கு ஓட்ட வேண்டியதுல பாதிக்கு மேல முடிஞ்சிருக்கணும். மத்தியானம் சாப்பாடு, தூக்கம், துணி துவைக்கிறது, சாயங்காலம் தெம்பு இருந்தா இன்னொரு சின்ன ஓட்டம்.

மெதுமிதி:
உப்புக்காத்து சொல்ற விடியக்காலை விஷயம் சரிதான், நானும் அப்படித்தான் ஓட்டுறேன். ஆனா அது ரெண்டாவது கேள்வின்னு நான் நினைக்கிறேன். முதல் கேள்வி அந்தக் கடற்கரையில அந்த சீசன்ல பெரிய காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுங்கிறது. அது தப்பா போச்சுன்னா நாலு மணிக்கு எழுந்தாலும் பிரயோஜனம் இல்ல, ஏன்னா பருவக்காத்து ராத்திரி தூங்காது.

அமெரிக்காவோட பசிபிக் கடற்கரையை எடுத்துக்கங்க. கனடா எல்லையிலேர்ந்து மெக்சிகோ எல்லை வரைக்கும் சுமார் 3000 கிலோமீட்டர், உலகத்துல அதிகமா ஆளுங்க ஓட்டுற கடலோர ரூட்ல அது ஒண்ணு. கிட்டத்தட்ட எல்லாருமே வடக்கேர்ந்து தெற்காதான் போறாங்க. கோடையில அந்தப் பெருங்கடல் மேல நிக்கிற உயர் அழுத்தத்தால காத்து வடமேற்குலேர்ந்து வந்துட்டே இருக்கும், தெற்கா போனா முதுகுல தட்டும். எதிர்த்திசையில போனவங்களும் இருக்காங்க, அவங்க எழுதுறதைப் படிச்சுப் பாருங்க, பக்கத்துக்குப் பக்கம் காத்தைப் பத்தித்தான் இருக்கும். ஐஸ்லாந்து வட்டச் சாலை வேற மாதிரி, அங்க காத்துக்கு ஒரே திசைன்னு இல்ல, தாழ்வழுத்தம் ஒண்ணு மாத்தி ஒண்ணு கடந்து போகும்போது திசை மாறிட்டே இருக்கும், அங்க எந்தப் பக்கம் சுத்தணும்னு சண்டை போடுறதை விட முன்னறிவிப்பைப் பாத்து நாளை மாத்திக்கத் தயாரா இருக்கிறதுதான் புத்திசாலித்தனம்.

அதனால டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி மாசவாரியான காத்துப் படத்தைப் பாருங்க. எத்தனை சதவீதம் நேரம் எந்தத் திசைன்னு ஒரு பூ மாதிரி வரைஞ்சிருப்பாங்க, பக்கத்துல இருக்கிற விமான நிலையத்தோடது கிடைச்சா போதும். அதுல நீளமான இதழ் எந்தப் பக்கம் இருக்கோ அது உங்க முதுகுப் பக்கமா இருக்கணும்.

அலைகோடு:
ரெண்டு பேர் சொல்றதையும் சேர்த்துப் பாக்கணும். பருவக்காத்து பலமா இருக்கிற சீசன்ல மெதுமிதி சொல்றது ஜெயிக்கும். அது அடங்கியிருக்கிற, வானம் தெளிவா வெயில் நல்லா அடிக்கிற நாட்கள்ல கடல்காத்துதான் ராஜா. அதுல யாரும் இன்னும் சொல்லாத ஒண்ணு இருக்கு, கடல்காத்து நாள் முழுக்க நேரா கடல்லேர்ந்து கரைக்கு வீசாது. பூமி சுத்துறதால அது கொஞ்சம் கொஞ்சமா திரும்பும், வடகோளத்துல வலப்பக்கமா, தென்கோளத்துல இடப்பக்கமா. காலையில கரைக்கு நேரா வர்ற காத்து பொழுது சாயும்போது கரையை ஒட்டி ஓட ஆரம்பிச்சுடும்.

ஓட்டுறவனுக்கு இது என்னன்னா, வடகோளத்துல கடல் உங்க வலது கைப்பக்கம் இருக்கிற மாதிரி போனா பிற்பகல் காத்து பின்னாடி சேரும். மேற்குக் கடற்கரைன்னா தெற்கா போகணும், கிழக்குக் கடற்கரைன்னா வடக்கா போகணும். தென்கோளத்துல கடல் இடது பக்கம். பூமத்திய ரேகைக்கு கிட்ட இந்தத் திரும்பல் ரொம்ப பலவீனம், மலை கடலை ஒட்டி நின்னா அது காத்தை தன் இஷ்டத்துக்கு வளைச்சுடும், இதெல்லாம் விதிவிலக்கு. ஆனா நெடுவழி மாதிரி ரூட்டே முடிவாகாம இருக்கிறவங்களுக்கு ஆரம்பத்துல பிடிச்சுக்க இது நல்ல கொம்பு. பசிபிக் கடற்கரையில பெரிய காத்து, கடல்காத்து ரெண்டுமே தெற்கா தள்ளுது பாருங்க, அந்த ரூட்டுக்கு அவ்வளவு பேர் வர்றதுல இதுக்கும் பங்கு இருக்குன்னு நான் நம்புறேன்.

நெடுவழி:
அலைகோடு, இதை நான் எங்கயும் படிச்சதே இல்ல, ரொம்ப நன்றி. மேப்பை எடுத்து வெச்சுட்டு உக்காந்துட்டேன். ஒரு சந்தேகம். கடல் வலது பக்கம் இருந்தா, இடது பக்கமா வண்டி ஓட்டுற நாடுகள்ல நான் கடலுக்கு எதிர்ப்பக்க ஓரத்துல இல்ல இருப்பேன்? கடலுக்கும் எனக்கும் நடுவுல மொத்த டிராஃபிக்கும் ஓடும். ஒவ்வொரு தடவை கடலைப் பாக்க நிக்கணும்னாலும் ரோட்டைத் தாண்டணும். அதுவும் இல்லாம பக்கவாட்டுக் காத்து அடிச்சா லாரி பக்கத்துல போறப்ப என்ன ஆகும்?

உப்புக்காத்து:
நல்ல கேள்வி, இதை மேலோட்டமா விட்டுடக் கூடாது. வலது பக்கமா ஓட்டுற நாடுகள்ல இந்த அதிர்ஷ்டம் தானா அமையுது, கடல் ஓரமே உங்க ஓரம். இடது பக்கமா ஓட்டுற நாடுன்னா எதையாவது விட்டுத்தான் ஆகணும். காட்சியை விட்டுட்டு காத்தை எடுங்கன்னுதான் நான் சொல்லுவேன்.

பக்கவாட்டுக் காத்துல லாரி விஷயம் இப்படி. காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து வருதோ அந்தப் பக்கமா பெரிய வண்டி உங்களைத் தாண்டும்போது, ஒரு நொடி அது காத்தை மறைக்கும். நீங்க காத்துக்கு எதிரா லேசா சாஞ்சு ஓட்டிட்டு இருப்பீங்க, திடீர்னு தாங்கிப் பிடிச்ச காத்து இல்லாம போகும், சைக்கிள் வண்டிப்பக்கமா இழுக்கும். அது தாண்டினதும் காத்து மறுபடி மொத்தமா வந்து ரோட்டு ஓரத்துக்குத் தள்ளும். முன்சக்கரத்துல பெரிய பை மாட்டியிருந்தா இந்த ஆட்டம் ரெண்டு மடங்கு. இதுக்கு நான் செய்யறது, பின்னாடி சத்தம் கேட்டதும் ஹேண்டில்பாரோட கீழ் பிடிக்கு கையை இறக்கி முழங்கையை மடக்கிப்பேன், பிடியை இறுக்க மாட்டேன், வெள்ளைக்கோட்டு மேலயே ஒட்டிக்கிட்டு ஓட்டாம அரை மீட்டர் உள்ள தள்ளித்தான் ஓட்டுவேன், அப்பதான் தள்ளினாலும் போறதுக்கு இடம் இருக்கும். காத்து 40ஐத் தாண்டி பக்கவாட்டுல அடிக்குது, ரோட்டுக்கு ஓரமும் இல்லன்னா இறங்கி நடக்கலாம், இல்ல அன்னைக்கு ஓட்டத்தை அதோட முடிச்சுக்கலாம்.

இன்னொண்ணு, வானிலை அறிக்கையில வர்ற காத்து வேகம் தரையிலேர்ந்து 10 மீட்டர் உயரத்துல அளந்தது. வீடும் மரமும் இருக்கிற உள்நாட்டுல நம்ம உயரத்துக்கு அது கணிசமா குறைஞ்சுதான் வரும். வெட்டவெளிக் கடலோரத்துல அவ்வளவு குறையாது. அதனால உள்நாட்டுல 20ன்னு போட்ட நாளும் கடலோரத்துல 20ன்னு போட்ட நாளும் ஒண்ணு இல்ல.

செயின்மேஸ்திரி:
துரு விஷயத்துக்கு வரேன், ஏன்னா அதை யாரும் தொடல. பயமுறுத்தல் எல்லாம் இல்ல, உண்மைதான். ஆனா சமாளிக்கலாம்.

மழையே இல்லாம, கடல் தண்ணி ஒரு சொட்டு கூட படாம, ராத்திரி டென்ட் பக்கத்துல நிறுத்தின சைக்கிளோட செயின்ல காலையில ஆரஞ்சு கலர்ல பொடி படிஞ்சிருக்கும். விரலால தொட்டா ஒட்டும். அலை உடையறப்ப தெறிக்கிற நுண்துளி காத்துல பறந்து வந்து உலோகத்துல உக்காருது, தண்ணி காஞ்சு உப்பு மட்டும் தங்குது. காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினா சாதா உப்பே ஈரத்தை இழுத்துக் கரைஞ்சுடும், கடல் உப்புல இருக்கிற மக்னீசியம் உப்பு அதுக்கும் கீழயே இழுக்கும். கடலோர ராத்திரியில ஈரப்பதம் எவ்வளவு இருக்கும்னு உங்களுக்கே தெரியும். அதாவது நீங்க தூங்குற நேரம் முழுக்க உங்க செயின் உப்புத்தண்ணியில ஊறுது.

தீர்வு நல்ல தண்ணி. சாயங்காலம் நின்னதும் ஒரு பாட்டில் தண்ணியை மெதுவா மேலேர்ந்து ஊத்துங்க, செயின், கியர், பிரேக் கேபிள் முனை, ஸ்போக்ஸ் கம்பி ரிம்முல சேர்ற இடம், போல்ட் தலைகள். வேகமா பீய்ச்சி அடிக்கிற பைப் மட்டும் வேண்டாம், பேரிங்குக்குள்ள உப்பையும் சேத்துத் தள்ளிடும். துணியால துடைச்சு காய விட்டு, செயினோட ஒவ்வொரு உருளையிலயும் ஈரமான இடத்துல ஓட்டுறதுக்கான செயின் ஆயில் ஒரு சொட்டு, அப்புறம் வெளிப்பக்கத்தை நல்லா துடைச்சுடணும், இல்லன்னா மணல் ஒட்டிக்கும். உப்பை விட மணல் சீக்கிரம் செயினைத் தின்னும்.

கிளம்பறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது இதை விட முக்கியம். சீட் போஸ்ட்டை, அதாவது சீட்டைத் தாங்குற குழாயை, வெளிய எடுத்து கிரீஸ் தடவுங்க. ஸ்டீல் ஃபிரேம்ல அலுமினிய போஸ்ட் இருந்து நடுவுல உப்புத்தண்ணி போச்சுன்னா ரெண்டு உலோகமும் சேந்து ஒரு பேட்டரி மாதிரி வேலை செய்ய ஆரம்பிச்சுடும், அலுமினியம் அரிச்சு பூத்து உள்ளயே இறுகிடும், அப்புறம் எந்த சாவிக்கும் அசையாது. பெடல் மரை, பாட்டில் கூண்டு போல்ட், பின் கேரியர் போல்ட் எல்லாத்துக்கும் கிரீஸ். சக்கரத்துல அலுமினிய நிப்பிள் (ஸ்போக்ஸ் கம்பியை ரிம்முல பிடிக்கிற சின்ன திருகு) இருந்தா பித்தளைக்கு மாத்திடுங்க. ரிம் பிரேக்னா ரிம்முல இருக்கிற தேய்மான அடையாளத்தைப் பாத்து வெச்சுக்கங்க, ஈர மணல் ரிம்மை அரம் போட்ட மாதிரி தேய்க்கும்.

மெதுமிதி:
மேஸ்திரி, மெழுகு போட்ட செயின் பத்தி என்ன நினைக்கிறீங்க? மணல் ஒட்டாதுங்கிறதுக்காக நான் இப்ப அதுலதான் ஓட்டுறேன்.

செயின்மேஸ்திரி:
மணலுக்கு மெழுகு அருமை, வீட்டுலேர்ந்து ஓட்டுறவங்களுக்கு அதைத்தான் சொல்லுவேன். ஆனா துருவைத் தடுக்கிறதுல எண்ணெய் அளவுக்கு அதை நம்ப முடியாது, ஒரு மழையோ ரெண்டு கழுவலோ ஆனா உலோகம் வெறுமையா நிக்கும், திரும்ப மெழுகு காய்ச்சி செயினை முக்கி எடுக்கிறதெல்லாம் வழியில நடக்கிற காரியமா. நீண்ட கடலோரப் பயணத்துக்கு எண்ணெய்தான். நிக்கல் பூசின செயின் கிடைச்சா வாங்குங்க, விலை கொஞ்சம் கூட இருந்தாலும் தகும்.

பறவைநிழல்:
இவ்வளவு கணக்கும் பாத்தா கிளம்பவே தோணாது போலிருக்கே. நான் தனியா சைக்கிள் எடுக்கிறதே கணக்குலேர்ந்து தப்பிக்கத்தான். எந்தப் பக்கம் மனசு போகுதோ அந்தப் பக்கம், எங்க களைச்சுப் போறேனோ அங்க டென்ட். எதிர்க்காத்தும் பயணத்துல ஒரு பகுதிதானே நெடுவழி? எல்லாத்தையும் சரியா அமைச்சுட்டு போனா புதுசா என்ன நடக்கும்?

உப்புக்காத்து:
பறவைநிழல், உங்க மனசு எனக்குப் புரியுது, அந்த ஆசை இல்லாதவன் தனியா கிளம்பவே மாட்டான். ஆனா ஒரு நாள் முழுக்க எதிர்க்காத்துல மிதிச்சவனுக்கு சாயங்காலம் எதையும் பாக்கத் தெம்பு இருக்காது. தலை குனிஞ்சு முன்சக்கரத்தையே பாத்துட்டு போயிருப்பான், பக்கத்துல உப்பளம் போச்சா, நாரைக்கூட்டம் நின்னுச்சா எதுவும் தெரியாது. காத்துக் கணக்கு சரியா இருந்தா பத்து மணிக்கு பெரும்பாலான ஓட்டம் முடிஞ்சு அப்புறம் நாள் உங்களோடது, பிடிச்ச இடத்துல நிக்கலாம், யாராவது பேசினா உக்காந்து பேசலாம்.

தனிக்கூடாரம்:
நான் பெண், பல வருஷமா தனியாதான் ஓட்டுறேன், அதனால தங்குறதைப் பத்தியும் பாதுகாப்பைப் பத்தியும் நான் எழுதுறேன்.

கடற்கரையில டென்ட் போடறப்ப முதல்ல பாக்க வேண்டியது காஞ்ச பாசியும் குச்சியும் வரிசையா ஒதுங்கியிருக்கிற கோடு. கடைசியா ஏறின தண்ணி அது வரைக்கும் வந்திருக்குன்னு அர்த்தம். அதுக்கும் நல்லா மேல, புல்லோ செடியோ வேர் பிடிச்சிருக்கிற இடத்துலதான் டென்ட். பெரும்பாலான கடற்கரையில ஒரு உயர் ஓதத்துக்கும் அடுத்ததுக்கும் சுமார் 12 மணி 25 நிமிஷம் இடைவெளி, அதனால தினமும் 50 நிமிஷம் போல தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி தண்ணி வழக்கத்தை விட மேல ஏறும். சாயங்காலம் பாக்க அகலமா இருக்கிற மணல் நடு ராத்திரி இல்லாம போகலாம். மணல்மேட்டு மேலயும் போடாதீங்க, அந்தச் செடிங்க மிதிபட்டா மேடே கரைஞ்சு போகும், பல நாட்டுல அது சட்டப்படி தடை. டென்ட் போடவே அனுமதி இருக்கான்னு ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியா பாருங்க. அமெரிக்காவோட பசிபிக் கடற்கரை மாநிலப் பூங்காக்கள் பலதுல நடந்தும் சைக்கிள்லயும் வர்றவங்களுக்குன்னு முன்பதிவு வேண்டாத இடம் ஒதுக்கியிருக்காங்க, அதெல்லாம் தனியா வர்றவங்களுக்கு பெரிய வரம், ஏன்னா அங்க உங்களை மாதிரியே இன்னும் நாலு பேர் இருப்பாங்க.

எப்பவும் வெளிச்சம் இருக்கும்போதே இடத்தை சேர்ந்துடுங்க. இருட்டுல தேடினா எந்த இடமும் சரின்னு தோணிடும். காத்துக்கணக்கை எல்லாரும் வேகத்துக்காகப் பாக்குறாங்க, நான் பாக்குறது இதுக்குத்தான். எதிர்க்காத்துல வேகம் பாதியானா சேர்ற நேரம் இருட்டுக்குள்ள போயிடும், தனியா போறப்ப அதுதான் நிஜமான ஆபத்து.

வழியில எங்க தங்கப் போறீங்கன்னு கேட்டா நான் சரியான இடத்தை சொல்றதில்ல, அடுத்த ஊர்ல ஆள் காத்துட்டு இருக்காங்கன்னு சொல்லுவேன். வீட்டுல ஒருத்தர்கிட்ட தினமும் சாயங்காலம் ஒரே நேரத்துல இருக்கிற இடத்தை அனுப்புவேன், ரெண்டு மணி நேரம் தாண்டியும் வரலன்னா அவங்க என்ன பண்ணணும், யாருக்கு போன் போடணும்னு எழுதிக் கொடுத்திருக்கேன். லைவ் லொகேஷன் மட்டும் போதாது, சிக்னல் இல்லாத கரை நிறைய இருக்கு, அங்கெல்லாம் செயற்கைக்கோள் வழியா செய்தி அனுப்புற சின்னக் கருவி வாடகைக்குக் கிடைச்சாலும் எடுங்க.

நெடுவழி:
அக்கா, சேர்ற நேரத்தையும் காத்தையும் இப்படி இணைச்சு நான் யோசிக்கவே இல்ல. வீட்டுல எழுதிக் கொடுக்கிறதை இன்னைக்கே செஞ்சுடுறேன்.

கலங்கரை:
சமதளம்னு சொன்ன நண்பர்களுக்கும் ஒரு பதில். கழிமுகம், உப்பளம், காயல் இருக்கிற கடற்கரைன்னா சமதளம் சரி. பாறையும் செங்குத்தும் இருக்கிற கரையில ஒவ்வொரு ஓடையும் கடலுக்கு வெட்டிக்கிட்டு இறங்குற இடத்துல ரோடும் கடல் மட்டம் வரை இறங்கி மறுபடி ஏறும். இங்கிலாந்தோட கார்ன்வால் கரையில அப்படித்தான், ஒவ்வொரு ஏத்தமும் சின்னது, ஆனா நாள் முழுக்க கூட்டிப் பாத்தா ஒரு மலையே ஏறியிருப்பீங்க, அதுவும் மூட்டையோட செங்குத்துல. அதனால வரைபடத்துல உச்சி எவ்வளவு உயரம்னு பாக்காம மொத்த ஏத்தம் எவ்வளவுன்னு பாருங்க. சின்ன கியர் நல்லா சின்னதா இருக்கட்டும், முன்னாடி பல்சக்கரத்தை விட பின்னாடி பல்சக்கரம் பெருசா இருக்கிற அளவுக்கு. எதிர்க்காத்துலயும் அதே கியர்தான் முட்டியைக் காப்பாத்தும்.

கழிமுகத்தைப் பத்தியும் சொல்லணும். மேப்புல கை நீட்டினா தொடுற மாதிரி எதிர்க்கரை தெரியும், ஆனா பாலம் எங்கயோ உள்ள இருக்கும். ஐரோப்பாவோட அட்லாண்டிக் கரையில போற யூரோவெலோ 1 ரூட் பிரான்ஸ்ல ஜிரோந்த் கழிமுகத்தை ஃபெர்ரியிலதான் தாண்டுது. அந்தப் படகை விட்டுட்டு பாலத்துலதான் போவேன்னா போர்தோ பக்கம் வரை உள்நாட்டுக்கு போய்த் திரும்பணும், முழுசா ரெண்டு நாளாவது அதுக்கே போகும். நார்வேயில வேற சிக்கல், கடலோர சுரங்கப்பாதைகள் பலதுல சைக்கிளுக்கு அனுமதி இல்ல, சுத்தி பழைய ரோடோ படகோ எதுன்னு முன்னாடியே பாக்கணும். படகு எந்த சீசன்ல ஓடும், சைக்கிள் ஏத்துவாங்களா, கடைசிப் படகு எத்தனை மணிக்கு, இந்த மூணையும் ஒவ்வொரு கழிமுகத்துக்கும் எழுதி வெச்சுக்கங்க. காத்து பலமா இருந்தா படகையே நிறுத்திடுவாங்கங்கிறதையும் மறக்காதீங்க.

அலைகோடு:
தண்ணியையும் சேர்த்துக்கங்க. பக்கத்துல இவ்வளவு தண்ணி தெரியும், ஒரு வாய் குடிக்க முடியாது, லிட்டருக்கு 35 கிராம் போல உப்பு. கரையோரக் கிணறு பலதும் உப்பு ஏறிக் கிடக்கும். ஆஸ்திரேலியாவோட நல்லார்பர் ரூட்ல ஒரு ரோடுஹவுஸுக்கும் (சாப்பாடும் தங்க இடமும் கிடைக்கிற வழிக்கடை) அடுத்ததுக்கும் நடுவுல 180 கிலோமீட்டர் வரை எதுவுமே இல்லாத தூரம் இருக்கு. அங்க எதிர்க்காத்து அடிச்சா ஒரு நாள் தண்ணி ரெண்டு நாளுக்கு வரணும். அதனால தண்ணியையும் கிலோமீட்டர்ல கணக்கு பண்ணாதீங்க, மணி நேரத்துல பண்ணுங்க. கடல்காத்து வியர்வையை உடனே காய வெச்சுடும், உடம்பு நனையாததால குடிக்கணும்னே தோணாது. வெறும் தண்ணியை மட்டும் லிட்டர் லிட்டரா ஊத்திக்கிட்டா ரத்தத்துல சோடியம் குறைஞ்சு தலைசுத்தும், உப்பும் சேரணும்.

வெயிலும் ரெண்டு பக்கத்துலேர்ந்து வரும். காஞ்ச மணல் புற ஊதாக் கதிர்ல சுமார் 15 சதவீதத்தையும் கடல் நுரை சுமார் 25 சதவீதத்தையும் திருப்பி அனுப்புதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. தாடைக்குக் கீழ, காதுக்குப் பின்னாடி, கை விரல் முட்டி, இங்கெல்லாம் தடவ மறந்துடுவோம். ஓட்டுற கால்சட்டையை கடல் தண்ணியில அலசிடாதீங்க, காஞ்சதும் உப்புத்துகள் தொடையை உரசியே ரணமாக்கிடும்.

நெடுவழி:
எல்லாத்தையும் படிச்சுட்டு பிளானை மொத்தமா மாத்திட்டேன். மேற்குக் கடற்கரையா ஒண்ணைத் தேர்ந்தெடுத்து வடக்கேர்ந்து தெற்கா, கடல் வலது பக்கம். ஒரு நாளைக்கு இத்தனை கிலோமீட்டர்னு இல்ல, விடியக்காலை அஞ்சு மணி நேரம் ஓட்டம், சாயங்காலம் விருப்பப்பட்டா ஒரு மணி நேரம். பின்காத்துல அது 110 வரும், எதிர்க்காத்துல 60 வரும், ரெண்டுக்கும் தங்குற இடம் குறிச்சு வெச்சிருக்கேன். இப்ப ஒரே குழப்பம், இப்படிப் போனா எந்தத் தேதி முடியும்னு சொல்ல முடியாதே. திரும்பி வர்ற டிக்கெட்டை எப்படிப் போடுறது, வாரத்துக்கு ஒரு ஓய்வுநாள்னு வெச்சிருந்ததை என்ன பண்றது?

மெதுமிதி:
ஓய்வுநாளை தேதி போட்டு வெக்காதீங்க, கையில வெச்சுக்கங்க. முன்னறிவிப்புல எந்த நாள் எதிர்க்காத்து மோசமோ அன்னைக்கு ஓய்வு. நல்ல பின்காத்து அடிக்கிற நாள்ல ஓய்வு எடுத்துட்டு அடுத்த நாள் எதிர்க்காத்துல கிளம்புறதை விடப் பெரிய வீணடிப்பு இல்ல. உடம்பு கெஞ்சினா மட்டும் காத்து எப்படி இருந்தாலும் நில்லுங்க.

டிக்கெட்டுக்கு நான் செய்யறது, ரூட்டுல சைக்கிளை ஏத்திக்கிற ரயில் நிலையம் எங்கெங்க இருக்குன்னு முன்னாடியே பாத்து ஒரு தாள்ல எழுதி ஹேண்டில்பார் பையில வெச்சுடுவேன், கடைசி ஊர் வரைக்கும் டிக்கெட் போட மாட்டேன். கையில இருக்கிற நாள் தீந்து போற நேரத்துல பக்கத்துல எந்த நிலையம் வருதோ அங்கேர்ந்து வீடு.

செயின்மேஸ்திரி:
ரயில்ல ஏத்த பெடலைக் கழட்டச் சொன்னாலும் சொல்லுவாங்க, அதனால கிளம்பறதுக்கு முன்னாடி மரையில கிரீஸ் போட்டுட்டு, அதுக்கான சாவியையும் பையில வெச்சுக்கங்க. இடது பெடல் மரை எதிர்த்திசையில கழலும்.